அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரு தேதி

ஜூன் 3

அக்காவுக்கு,

நீயும் நானும் இனி போனில் பேசக்கூடாது, எதுவானாலும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அம்மா தீர்ப்புச் சொல்லி இன்றோடு நாலு நாள். "எழுதும்போதாவது ரெண்டு நிமிஷம் யோசிப்பீங்க. வாயில வர்றதெல்லாம் கையில வராது" என்றாள். அவள் நினைப்பு அப்படி. என் கையில் என்ன வருகிறது என்று நீயே பார்.

ஆகஸ்ட் பதினாலிலிருந்து இருபத்துநாலு வரை நீயும் அம்மாவும் வெளிநாடு போகிறீர்கள். டிக்கெட் போட்டாகிவிட்டது. சந்தோஷம். ஆகஸ்ட் பதினேழு என்ன நாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? என் பொடிசுக்கு அன்றைக்கு ஒரு வயது முடிகிறது. பிரசவத்தின்போது அம்மா என்னோடு இருந்தது பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் நீ அலுவலகப் படியில் காலைப் பிசகிக்கொண்டாய், பெட்டியைக் கட்டிக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தாள். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. "பிறந்தநாளுக்கு வந்து ஒரு மாசம் இருக்கேன்டி" என்று அவளாகத்தான் சொன்னாள். அந்த ஒரு மாதத்தை நினைத்துத்தான் இந்தப் பத்து மாதத்தை ஓட்டினேன். இவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில். வீட்டில் நானும் பொடிசும் துவைக்கும் இயந்திரமும்தான் பேசிக்கொள்கிறோம்.

நீ அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறாய். தினமும் காலையில் அவள் கையால் காபி குடிக்கிறாய். அது போதாதா என்று கேட்டதற்குத்தானே போனைக் கீழே வைத்தாய்? எழுத்திலும் அதையேதான் கேட்கிறேன்.

தங்கை


ஜூன் 11

வாலுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டினால் டிக்கெட்டைக் கிழித்துவிடுவாள். அது உனக்கும் தெரியும்.

பிறந்தநாள் தெரிந்தேதான் இருக்கிறது. அந்தத் தேதியில்தான் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. ஒரு வயதுக் குழந்தைக்கு எந்தத் தேதியில் கேக் வெட்டினால் என்ன? திரும்பி வந்த மறுவாரம் அம்மாவை அனுப்பி வைக்கிறேன். செப்டம்பர் முழுக்க வைத்துக்கொள்.

ஒன்று சொல்கிறேன். அவளோடு இருப்பதும் அவள் நம்மைப் பார்ப்பதும் ஒன்றில்லை. நான் கட்டட வரைபடங்களைத் திருத்திவிட்டு ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தால், "இன்னிக்குப் பொடிசு ரெண்டு அடி வெச்சு நின்னாளாம்" என்பாள். சாப்பிடும்போது, "பொடிசுக்குக் கீழ்ப்பல் வந்துடுச்சாம்." என் பல்லில் வேர் சிகிச்சை நடந்து மூன்று வாரம் ஆயிற்று. அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

இந்தப் பத்து நாள் அவள் என்னோடு மட்டும் இருக்கட்டும். அவள் பாஸ்போர்ட் எதற்கு எடுத்தது என்று உனக்கும் தெரியும். அப்பா கூட்டிப்போகிறேன் என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றுவரை அதில் ஒரு முத்திரை இல்லை. பீரோவில் புடவைக்கு நடுவில் வைத்திருந்தாள்.

சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். விசா மையத்தில் நாலு வருஷம் கவுன்டரில் உட்கார்ந்து ஊர்க்காரர் பேப்பரையெல்லாம் திருத்தியவள் நீ. எனக்கு இதெல்லாம் புதிது. பாஸ்போர்ட், டிக்கெட், ஓட்டல், இன்சூரன்ஸ் எல்லாவற்றின் நகலும் இதோடு இருக்கிறது. விசா அங்கே இறங்கியதும் தருவார்களாம். பார்த்துச் சொல். "சின்னவ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் நான் பெட்டி கட்டுவேன்" என்கிறாள் அம்மா.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

பார்த்தேன். பொடிசு மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தை மூன்று நாள் இதற்கே கொடுத்தேன். என் துணி இன்னும் வாளியில் ஊறுகிறது.

நீ வரைபடத்தில் ஒரு ஜன்னலைக்கூடத் தப்பாக வைக்கமாட்டாய் என்று பேர். டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நடுவில் விமானம் மாறும் இடத்தில் ஐம்பத்தைந்து நிமிஷம்தான் விட்டிருக்கிறாய். அது தனித்தனியாகப் போட்ட இரண்டு டிக்கெட். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது, காசும் வராது. பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும், கட்டடமும் வேறு. முழங்கால் வலிக்காரியை இழுத்துக்கொண்டு ஓடுவாயா? முதல் விமானத்தைக் காலை நேரத்துக்கு மாற்று.

அடுத்தது ஓட்டல். நீங்கள் போய் இறங்குவது பதினைந்தாம் தேதி விடியற்காலை இரண்டு மணி. அறை பதினைந்திலிருந்து என்று போட்டிருக்கிறது. பதினைந்து என்றால் அன்று மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள். அதுவரை அம்மா வரவேற்பறை நாற்காலியில் தூங்குவாளா? பதினாலிலிருந்து எடு, நேரம் கழித்து வருவோம் என்று அவர்களுக்கு எழுதியும் வை. இல்லாவிட்டால் வரவில்லை என்று அறையைத் தூக்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

இன்சூரன்ஸ் படிவத்தில் "ஏற்கனவே நோய் உண்டா" என்ற இடத்தில் இல்லை என்று டிக் அடித்திருக்கிறாய். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பது உனக்குத் தெரியாதா, அல்லது நானும் பொடிசும் மட்டும்தான் அவளுக்கு அதை ஏற்றிவிடுகிறோம் என்று நினைப்பா? மறைத்தால் ஆத்திர அவசரத்தில் ஒரு பைசா தரமாட்டார்கள். மாத்திரையை டப்பாவில் கொட்டி எடுத்துப்போகாதே, அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில். பெட்டி காணாமல் போனால் மாத்திரையும் போகும். ஆளுக்கொரு பெட்டி என்று பிரிக்காமல் இரண்டு பெட்டியிலும் இருவர் துணியையும் கலந்து வை. உன் பேங்க் அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி இப்போதே சொல்லி வை. டாக்ஸியை விமான நிலையத்துக்குள் இருக்கும் கவுன்டரில் மட்டும் பிடி.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறது. அதுவரை சரி.

ஜன்னல் சீட்டு நீ எடுத்துக்கொள்ள மாட்டாயே?

தங்கை


ஜூலை 2

அக்காவுக்கு,

இதை அனுப்புவேனா என்று தெரியவில்லை. பொடிசு என் மடியில் தூங்குகிறாள், ஒரு கையால் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதவில்லை. மறந்து போகவில்லை. நகல்களைப் பிரித்ததும் முதலில் பார்த்ததே அதைத்தான். நாலு வருஷப் பழக்கம், பாஸ்போர்ட் என்றால் விரல் தானாகக் காலாவதித் தேதிக்குப் போய் நிற்கும். ஜனவரி 9. நீங்கள் இறங்கும் நாளில் அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஐந்து மாதம்கூட மிச்சம் இல்லை. ஆறு மாதம் இருந்தால்தான் அந்த நாட்டில் விடுவார்கள். விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். அன்னியர் யாராவது இப்படி என் கவுன்டருக்கு வந்திருந்தால், "முதல்ல போய் இதைப் புதுப்பிச்சுட்டு வாங்க" என்று அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

உனக்குச் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து நிமிஷத்தைச் சொன்னேன், மாத்திரை அட்டையைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. எழுத உட்காரும்போது சொல்வதாகத்தான் இருந்தேன். ஒவ்வொரு பத்தியிலும் அடுத்த பத்தியில் சொல்லலாம் என்று தள்ளினேன். கடைசியில் ஜன்னல் சீட்டைப் பற்றி எழுதி ஒட்டிவிட்டேன்.

பயணம் நின்றால் அம்மா இங்கே வருவாள். அவ்வளவுதான் கணக்கு. நான் கெட்டவளா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதற்குள் குழந்தை அழுதது, எழுந்து போய்விட்டேன்.

தங்கை


ஜூலை 20

வாலுக்கு,

சொன்னதெல்லாம் செய்தாயிற்று. விமானம் காலைக்கு மாறியது. ஓட்டலுக்கு எழுதினேன், சரி என்றார்கள். இன்சூரன்ஸ்காரன் ரத்த அழுத்தத்துக்காகக் கொஞ்சம் கூடக் கேட்டான், கொடுத்தேன். நீ குத்திக்குத்தி எழுதியிருந்தாலும், நீ இல்லாவிட்டால் மாட்டிக்கொண்டிருப்போம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா நீலப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாள், சக்கரம் வைத்தது. தினமும் சாயந்திரம் அதைக் கூடத்தில் ஓட்டிப் பழகுகிறாள். காலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு விமானத்துக்கென்று இறுக்கமான காலுறை வாங்கி, அதையும் போட்டுக்கொண்டு நடக்கிறாள். கீழ்வீட்டு நர்ஸம்மா, அதுதான் ஓய்வு பெற்று வந்திருக்கிறார்களே அவர்கள், "பேப்பரெல்லாம் சரியா இருக்கா, எங்க சொந்தக்காரங்களை ஏர்போர்ட் வாசல்லயே நிறுத்திட்டாங்க" என்று பயமுறுத்தினார்கள். அம்மா சொன்ன பதிலைக் கேள்: "என் சின்னவ பார்வைக்குப் போயிட்டு வந்த பேப்பரு. அவ கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாது."

எனக்குக் கொஞ்சம் எரிந்தது. கூட்டிப்போவது நான், பேர் உனக்கு.

அக்கா


ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

இதோடு ஜூலை 2 தேதியிட்ட கடிதம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் படி.

படித்துவிட்டாயா? அவசர முறையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கலாம். மூன்று வேலைநாள் ஆகும். பழைய பாஸ்போர்ட், பயண டிக்கெட், முகவரிச் சான்று எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். அதற்குள் கிடைக்காவிட்டால், புறப்படுவதற்கு முன்பே டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்றிவிடு. புறப்படும் நேரம் தாண்டிவிட்டால் ஒன்றும் திரும்பி வராது.

"என் சின்னவ பார்வைக்குப் போயிட்டு வந்த பேப்பரு" என்பதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

தங்கை


ஆகஸ்ட் 16

உனக்கு,

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி காலையில் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் உன் தலையில்தான் விழப்போகிறது.

உறை கனமாக இருந்தது. இன்னும் பத்து குத்து, இன்னும் இருபது அறிவுரை என்று நினைத்தேன். கைப்பையில் போட்டேன். அம்மா ஜன்னல் வழியாக மேகம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சாவகாசமாகப் படித்துச் சிரிக்கலாம் என்று இருந்தேன். எல்லாம் சொல்லிவிட்டாளே, இனி என்ன இருக்கப்போகிறது?

கவுன்டரில் இருந்தது உன் வயதுப் பெண். என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு அம்மாவுடையதைத் திருப்பினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. "ஆன்ட்டி, இதுல ஆறு மாசம் இல்லையே" என்றாள். அம்மாவுக்குப் புரியவில்லை. "ஜனவரி வரைக்கும் இருக்கேம்மா, நாங்க பத்து நாள்ல வந்துடுவோம்" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னாள். மேலதிகாரியை அழைத்தார்கள். அவரும் அதையே சொன்னார். எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பம் எங்கள் பெட்டியைத் தாண்டி முன்னால் போயிற்று.

அம்மா ஒன்றும் சண்டை போடவில்லை. "அந்தக் கண்ணாடிகிட்ட போய் நின்னா விமானம் கிளம்புறது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றார்கள். போய் நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து உன் உறையைக் கிழித்தேன். இரண்டையும் படித்து முடித்து நிமிர்ந்தபோது விமானம் போயிருந்தது, அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். டாக்ஸியில் குனிந்து காலுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவோடு போனில் அரை மணி நேரம் பேசுகிறாய். ஆகஸ்ட் 8-ஆம் தேதி, ஆறே நாள் மிச்சம் இருக்கும்போது, இதைத் தபாலில் போட்டாயே, ஏன்?

அக்கா

பின்குறிப்பு: கோபத்தில்கூடப் பொய் சொல்ல வரவில்லை. அந்தத் தேதி மலிவு இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் மலிவு. பதினேழாம் தேதி அவள் உன் வீட்டில் இருக்கக்கூடாது என்று நினைத்துத்தான் இதை எடுத்தேன். அதனால்தான் உன் கடிதத்தைப் படித்த பிறகும் உன்மேல் பாதிக் கோபம்தான் வருகிறது.


ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

பதினேழு போய்விட்டது. கேக் வெட்டினோம். இவர் வந்திருந்தார். அம்மா போனில் பொடிசிடம் மட்டும் பேசினாள். பொடிசு போனை நக்கினாள். நான் வாங்கிப் பேசுவதற்குள், "அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிட்டாள். பயணமும் நின்றது, அவளும் வரவில்லை. நான் போட்ட கணக்கு எவ்வளவு அழகாக வந்திருக்கிறது பார்.

நீ கேட்டதற்குப் பதில். தபால் ஐந்து நாளாகும், சில சமயம் ஆறு நாளாகும் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் போடும்போது விரல்விட்டு எண்ணினேன். சொன்னதாகவும் இருக்க வேண்டும், சொன்னது பயன்படாமலும் போக வேண்டும். ஆகஸ்ட் 8 ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு அம்மா பேசினாள். "வர்ற வெள்ளிக்கிழமை இந்நேரம் ஆகாயத்துல இருப்பேன்டி" என்றாள். "பத்திரமா போயிட்டு வாம்மா" என்றேன்.

உன் பின்குறிப்பைப் படித்ததும் அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பத்து நாளுக்கு நீ ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தால் சொல்லிவிட்டேன் என்று மட்டும் எழுது. சொல்லாவிட்டால் சொல்லாதே என்று கேட்க எனக்கு வாய் இல்லை. தெரிந்தால் என் வீட்டு வாசலை மிதிப்பாளா என்பது மட்டும்தான் இப்போது என் பயம்.

தங்கை


அக்டோபர் 2

வாலுக்கு,

நான் சொல்லவில்லை. எத்தனையோ நாள் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், நீ தேதியை மறைத்ததைச் சொல்லிவிட்டு, நான் தேதியைத் தேர்ந்தெடுத்ததையும் சொல்ல வேண்டும்.

இப்போது கேள். அம்மாவுக்குப் புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. நான் கூடப் போகவில்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அவளே இரண்டு முறை போய் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறாள். நவம்பர் 12-ஆம் தேதி பயணம். டிக்கெட் போட்டாயிற்று. என்னோடு இல்லை. கீழ்வீட்டு நர்ஸம்மாவோடு. ஒன்பது நாள். நேற்றுச் சாப்பிடும்போது ஊறுகாய் கேட்பது போலச் சொன்னாள். நான், "அப்ப நான்?" என்றேன். "உனக்கு லீவு கிடைக்காதேடி, போன தடவையே எவ்வளவு கஷ்டப்பட்டே" என்றாள். இருவரும் கூடத்தில் நீலப் பெட்டியை ஓட்டிக்காட்டிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கிறார்கள். நர்ஸம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அப்பா போன பிறகு அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அந்த அம்மாளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்று. அவளுடைய பேப்பர் நகல்களை இதோடு அனுப்பச் சொன்னாள். "சின்னவகிட்ட காட்டிடு. அவ பாக்காம போகமாட்டேன்." நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நகல்களுக்கு அடியில் ஒரு தாள் இருக்கும். பேப்பரைப் பார்த்து நீ ஜூன் கடைசியில் எழுதிய கடிதத்தை நான் அப்போதே அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன், குத்தலை விட்டுவிட்டு. அதைக் கேட்டு ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள். மாத்திரை அட்டை, ஓட்டல் நேரம், பெட்டியில் துணி, எல்லாம் நீல மையில். எல்லாவற்றுக்கும் மேலே, இடமில்லாத இடத்தில் நெருக்கி, கறுப்பு மையில் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறாள்: "முதலில் பாஸ்போர்ட் தேதி. சின்னவளுக்கு இது தெரியும்."

மறுபடியும் சொல்கிறேன், நான் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதம் இரண்டும் இத்தனை நாளும் அந்தக் கைப்பையிலேயேதான் கிடந்தன.

அக்கா


அக்டோபர் 8

அக்காவுக்கு,

உறை நேற்று மதியம் வந்தது. பொடிசை இடுப்பில் வைத்துக்கொண்டு, நின்றபடியே பார்த்தேன். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்கு இருக்கிறது. இரண்டு விமானத்துக்கும் நடுவில் நாலு மணி நேரம். ஒரே டிக்கெட். ஓட்டல், இறங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. ரத்த அழுத்தம், இருவருக்கும், மறைக்காமல். நர்ஸம்மாவுடைய பேப்பரையும் ஒரு பொட்டுத் தப்பு கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

அந்தக் கறுப்பு மை வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

பேனாவை எடுக்கவில்லை. நேற்று ஞாயிறும் இல்லை. அப்படியே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். இந்தக் கடிதம் உனக்கு நடந்ததைச் சொல்ல மட்டும்தான்.

"அம்மா, பேப்பர் பாத்தேன். எல்லாம் சரியா இருக்கு. ஒரு குறையும் இல்லை" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அடுப்பை அணைப்பது கேட்டது. பிறகு, "தபால்ல போடாம போன்லயே சொல்லிட்டே" என்றாள்.

நான் பொடிசை மறு இடுப்புக்கு மாற்றினேன். என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "மூணு வாரம் கழிச்சு உங்க வீட்டுக்கு வர்றேன். பதினஞ்சு நாள் இருந்துட்டு அங்கேருந்தே நேரா விமான நிலையம். பெட்டியைக் கொண்டு வர்றேன், நீயே அடுக்கிக் குடு. உங்க அக்காவையும் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வரச் சொல்லு. இனிமே நீங்க போன்லயே பேசிக்கோங்க" என்றாள். தீர்ப்பை மாற்றிவிட்டாள்.

"ஜன்னல் சீட்டு யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"நர்ஸுக்கு. அவளுக்குத்தான் மேகம் பிடிக்குமாம்."

அக்கா, இன்று சாயந்திரம் ஏழரைக்கு நீ வீட்டில் இருப்பாய் என்று நினைக்கிறேன். இது உன் கைக்கு வருமுன் உன் போன் மணி அடித்திருக்கும். யார் அந்த நர்ஸம்மா, எத்தனை நாளாக இந்தப் பழக்கம், எனக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

தங்கை